சீஃப் போட்ட கையெழுத்தும் மாத்திரைப் பாட்டியும்

தம்பி, மதுரையில் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு, மனைவியின் வேலைக்காக டெட்ராய்ட் பக்கம் வந்து மூன்று மாதம் ஆகிறது என்று எழுதியிருந்தீர்கள். ரெசிடென்சிக்கு, அதாவது இங்கே டாக்டராக முடிக்க வேண்டிய மருத்துவமனைப் பயிற்சிக்கு, பரிந்துரைக் கடிதம் யாரிடம் வாங்குவது, எந்தக் கோச்சிங் நல்லது, வீடு எங்கே பார்ப்பது, பழைய கார் வாங்கலாமா என்று நான்கு கேள்விகள். வீட்டையும் காரையும் இங்கே இருக்கிற பையன்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். கோச்சிங்குக்குக் காசைக் கொட்டாதீர்கள், அவ்வளவுதான். கடிதத்தைப் பற்றித்தான் நான் பேசியாக வேண்டும். அதில் எனக்கு ஒரு வருடம் போனது.

"எங்கள் மெடிசின் சீஃப், யூனிட் தலைவர், பெரிய பேர், நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்து போடுகிறேன் என்கிறார்" என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2001-இல் நான் இங்கே வந்து இறங்கியபோது என் பெட்டியில் அப்படி மூன்று கடிதங்கள் இருந்தன. மூன்றையும் ஒரே ராத்திரியில், ஒரே பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து நானே அடித்தேன். நேர்மையானவர், கடின உழைப்பாளி, கீழ்ப்படிதல் உள்ளவர். பள்ளிக்கூடத்து நன்னடத்தைச் சான்றிதழ் மாதிரி. அந்தக் காலத்தில் எங்களைப் போன்றவர்களின் கடிதங்கள் காகிதமாகத்தான் வெளிநாட்டில் படித்த டாக்டர்களின் தகுதியைச் சரிபார்க்கும், பிலடெல்பியாவில் இருக்கும் இ.சி.எஃப்.எம்.ஜி. அலுவலகத்துக்குப் போகும், அங்கே ஸ்கேன் செய்து அனுப்புவார்கள். அறுபது இடங்களுக்கு விண்ணப்பித்தேன். ஒரே ஒரு இன்டர்வியூ வந்தது.

அந்த இன்டர்வியூவில் எதிரே இருந்த டாக்டர் இரண்டு கடிதங்களை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து என் பக்கம் திருப்பினார். இரண்டிலும் ஒரு வாக்கியம் எழுத்து மாறாமல் அப்படியே இருந்தது, கையெழுத்து மட்டும் வேறு. அவர் கோபப்படவில்லை, ஒன்றும் கேட்கவும் இல்லை. காகிதங்களை மடித்து வைத்துவிட்டு ஊரில் மழை எப்படி என்று விசாரித்தார். அந்த வருடம் எனக்கு மேட்ச் ஆகவில்லை, அதாவது எந்த மருத்துவமனையிலும் ரெசிடென்சி இடம் கிடைக்கவில்லை.

நம் ஊரில் இது பழக்கம், யாரும் தப்பாக நினைப்பதில்லை. இங்கே இது பொய். இப்போது கடிதம் எழுதுகிறவரே இராஸ் (ERAS) என்கிற ரெசிடென்சி விண்ணப்பத் தளத்தில் நேராக ஏற்றிவிட வேண்டும், உங்கள் கைக்கு வராது. நான் எழுதிக் கொடுத்ததையே சீஃப் ஏற்றிவிட்டால் யாருக்குத் தெரியும் என்று நினைக்காதீர்கள். வேறொருவர் பெயரில் நீங்கள் எழுதிக் கொடுத்தது படிக்கிறவருக்கு இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும். நானும் இப்போது வருடா வருடம் விண்ணப்பங்கள் படிக்கிறேன், அதனால் சொல்கிறேன். முதல் பத்தியைத் தாண்டிவிட்டு, இவரைப் பற்றி மட்டுமே சொல்லக்கூடிய ஒரு சம்பவம் இருக்கிறதா என்றுதான் தேடுவேன். இல்லை என்றால் அடுத்த ஃபைல்.

முன்பாவது, இங்கே டாக்டராக எழுத வேண்டிய தேர்வுகளில் முதலாவதான ஸ்டெப் 1-இன் மார்க் உங்களைத் தூக்கிவிடும். 2022-இலிருந்து அது பாஸ், ஃபெயில் மட்டும்தான். நோயாளியிடம் எப்படிப் பேசுகிறீர்கள் என்று பார்த்த ஸ்டெப் 2 சி.எஸ். தேர்வை 2021-இல் நிறுத்தியே விட்டார்கள். அப்புறம் நீங்கள் மனிதர்களோடு எப்படிப் பழகுவீர்கள் என்று ஒரு புரோகிராமுக்கு, அதாவது ரெசிடென்சி நடத்தும் இடத்துக்கு, யார் சொல்வது? கடிதம்தான்.

அதனால் பெரிய பேர் வேண்டாம், உங்களைப் பார்த்தவர் வேண்டும். ஊரிலிருந்து ஒன்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் சீஃப் வேண்டாம். சி.ஆர்.ஆர்.ஐ.யில், அந்த ஒரு வருட ஹவுஸ் சர்ஜன் பயிற்சியில், அட்மிஷன் டே அன்று விடிய விடிய உங்களோடு நின்ற ஏ.பி. (உதவிப் பேராசிரியர்) ஒருவர் இருப்பாரே, அவரிடம் கேளுங்கள். ஒரு புரோகிராமுக்கு நான்கு கடிதம்தான் அனுப்ப முடியும். மற்ற மூன்றும் இங்கே, நீங்கள் சேர விரும்பும் துறையில் வேலை செய்பவர்களிடமிருந்து வரட்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பொங்கல் விழாவில் பட்டு வேட்டியோடு வந்து தோளில் தட்டி, "கடிதம்தானே, நான் தருகிறேன்" என்று சொல்லும் பெரிய டாக்டர்கள் இருக்கிறார்கள். உங்களை ஒரு நாள்கூட வார்டில் பார்க்காதவர் தரும் கடிதம் எதற்கு? நான்கு வாரம் அப்சர்வர்ஷிப் (டாக்டர் பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் செய்யும் பயிற்சி), கடைசியில் கடிதம் நிச்சயம் என்று டாலரில் விலை பேசுகிறவர்களும் உண்டு. அவர்களில் நம் ஆட்களே இருப்பது எனக்குப் பெரிய வருத்தம். தாங்கள் பட்ட பாட்டை மறந்துவிட்டு, புதிதாக வருகிற பிள்ளைகளின் பயத்தில் காசு பார்க்கிறார்கள். பக்கத்தில் போகாதீர்கள்.

எனக்குக் கிடைத்த மனிதர் ஊர் பேர் தெரியாத ஒரு வயதான டாக்டர். இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய சின்ன கிளினிக். ஜனவரிப் பனியில் பஸ் ஸ்டாப்பில் நின்றால் கண்ணிமையில் ஈரம் உறையும். அப்சர்வர் நோயாளியைத் தொடக்கூடாது, அதனால் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டே இருப்பேன். ஒரு நாள் ஒரு பாட்டி ரத்த அழுத்தம் குறையவே இல்லை என்று வந்தார். டாக்டர் மருந்தைக் கூட்டப் போனார். பாட்டி கைப்பையைத் திறந்தபோது மாத்திரைப் புட்டி தெரிந்தது, உள்ளே எல்லாம் பாதிப் பாதியாக உடைத்த மாத்திரைகள். பாட்டி போனபிறகு சொல்லலாமா என்று ஒரு நிமிடம் தயங்கிவிட்டு, அப்போதே டாக்டரைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன். விலை கட்டுப்படியாகாமல் ஒரு மாத மாத்திரையை இரண்டு மாதத்துக்கு ஓட்டிக்கொண்டிருந்தார் அந்த அம்மா.

மூன்று மாதம் போனதும் அந்த டாக்டரிடம் கடிதம் கேட்டேன். கேட்கும் விதத்தையும் அவரே சொல்லிக் கொடுத்தார்: "கடிதம் தருவீர்களா என்று கேட்காதே, என்னைப் பற்றி வலுவாக எழுத முடியுமா என்று கேள். ஆள் தயங்கினால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடு." நம் ஊரில் "பார்க்கலாம்" என்றால் இன்னும் இரண்டு தடவை போய் நிற்போம். இங்கே அது முடியாது என்பதற்கு மரியாதையான வார்த்தை.

கடிதத்தைப் பார்க்கும் உரிமை வேண்டாம் என்று படிவத்தில் டிக் செய்துவிடுங்கள். செய்யாவிட்டால் படிக்கிறவர்கள் அந்தக் கடிதத்தை நம்புவதில்லை. செப்டம்பர் கடைசியில் புரோகிராம்கள் விண்ணப்பங்களைத் திறக்கும், எனவே ஜூன் மாதமே கேட்டு வையுங்கள். உங்கள் சி.வி.யையும், அவரோடு சேர்ந்து பார்த்த இரண்டு மூன்று கேஸ்களின் குறிப்பையும் கையில் கொடுங்கள். குறிப்புதான், கடிதம் இல்லை.

அந்த டாக்டரின் கடிதத்தோடு அடுத்த முறை விண்ணப்பித்தபோது ஒன்பது இன்டர்வியூ வந்தது. நான்கு இடத்தில் உட்கார்ந்ததுமே மாத்திரைப் பாட்டியைப் பற்றிக் கேட்டார்கள். 2003 ஜூலை 1-ஆம் தேதி வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். இரண்டு விரலால் அவர் அடித்த அந்தக் கடிதத்தில் வேறு என்ன எழுதியிருந்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.