ஆஸ்திரேலியா செல்லும் மகனின் மருத்துவக் காப்பீடு: கோபிச்செட்டிபாளையத்துத் தாய் ஒருவருக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

கோவை கணபதியில் சி.என்.சி. மெஷினிஸ்டாக வேலை பார்க்கும் உங்கள் மகனுக்கு ஆஸ்திரேலியாவில் வேலை கிடைத்திருப்பதையும், மருமகள் மூன்று மாதக் கர்ப்பிணியாக இருப்பதையும், இருவரும் சேர்ந்தே கிளம்ப ஏற்பாடு நடப்பதையும் எழுதியிருந்தீர்கள். "இன்சூரன்ஸ் எல்லாம் கம்பெனியே பாத்துக்குமுங்க, நீங்க ஒண்ணும் விசனப்படாதீங்க" என்று ஏஜென்ட் சொன்னதை நம்பலாமா என்பதே உங்கள் கேள்வி. வேலை ஒப்பந்தத்தில் அது எழுத்தில் இல்லாத வரை நம்ப வேண்டாம்.

உங்கள் மகன் செல்வது 482 என்ற எண்ணுள்ள தற்காலிகத் திறன் பணியாளர் விசாவில். 2024 டிசம்பரிலிருந்து அதன் பெயர் 'ஸ்கில்ஸ் இன் டிமாண்ட்' என்று மாறியிருக்கிறது. அந்த விசாவுடன் 8501 என்ற நிபந்தனை சேர்ந்து வரும். ஆஸ்திரேலியாவில் இருக்கும் காலம் முழுவதும் போதுமான மருத்துவக் காப்பீட்டை வைத்திருக்க வேண்டும் என்பது அதன் பொருள். விண்ணப்பத்தோடு காப்பீட்டு நிறுவனத்தின் கடிதத்தை இணைத்துவிட்டு, ஊர் போய்ச் சேர்ந்த பிறகு பிரீமியம் கட்டாமல் விட்டால் அது விசா நிபந்தனையை மீறுவதாகும். இந்தப் பொறுப்பு விசா பெறுபவருடையது. சில நிறுவனங்கள் ஊழியரின் நலன் கருதித் தாமே பிரீமியத்தைக் கட்டுகின்றன, பல நிறுவனங்கள் கட்டுவதில்லை.

உறவினர் ஒருவர் துபாய் சென்றபோது எல்லாவற்றையும் கம்பெனியே பார்த்துக்கொண்டதாக எழுதியிருந்தீர்கள். துபாயில் ஊழியருக்குக் காப்பீடு எடுப்பது முதலாளியின் சட்டக் கடமை. சிங்கப்பூரிலும் ஒர்க் பெர்மிட், எஸ் பாஸ் என்ற வேலை அனுமதிகளை வைத்திருப்பவர்களுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 60,000 சிங்கப்பூர் டாலர் அளவுக்கு முதலாளி காப்பீடு எடுத்தாக வேண்டும். பிரிட்டனில் முறையே வேறு: ஆண்டுக்கு 1,035 பவுண்டு வீதம் விசாக் காலம் முழுமைக்குமான தொகையை விண்ணப்பிக்கும்போதே கட்டிவிட்டு, அந்நாட்டு அரசு மருத்துவமனைகளைப் பயன்படுத்தலாம். ஆகவே ஒரு நாட்டுக்குப் போனவரின் அனுபவம் இன்னொரு நாட்டுக்குப் போகிறவருக்குப் பொருந்தாது.

ஆஸ்திரேலியாவின் அரசு மருத்துவத் திட்டமான மெடிகேர், உங்கள் மகனைப் போன்ற தற்காலிகப் பணியாளருக்குப் பொதுவாகக் கிடைக்காது. பிரிட்டன், அயர்லாந்து, இத்தாலி உள்ளிட்ட 11 நாடுகளோடு அந்த அரசு பரஸ்பர மருத்துவ ஒப்பந்தம் செய்திருக்கிறது. அவற்றில் இந்தியா இல்லை. எனவே வெளிநாட்டவர்களுக்கென்று அங்குள்ள நிறுவனங்கள் விற்கும் ஓ.வி.எச்.சி. வகைக் காப்பீட்டையே எடுக்க வேண்டியிருக்கும். நம் ஊரில் சுற்றுலாவுக்கு விற்கப்படும் பயணக் காப்பீடு இதற்கு ஈடாகாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையும், வேலையை விட்டால் முடிந்துபோகும் இ.எஸ்.ஐ. உரிமையும் கடல் கடந்து உதவா.

மருமகள் விஷயத்துக்கு வருகிறேன். நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். ஓ.வி.எச்.சி. காப்பீடுகளில் மகப்பேறு தொடர்பான சிகிச்சைக்குப் பொதுவாக 12 மாதக் காத்திருப்புக் காலம் உண்டு. ஐந்தாம் மாதத்தில் அங்கே போய் இறங்கினால், பாலிசி நடப்பில் இருந்தாலும் பிரசவச் செலவு முழுவதும் கையிலிருந்துதான் போகும். சிசேரியன் ஆகி, குழந்தையைச் சில நாட்கள் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் வைக்க நேர்ந்தால், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரின் சம்பளத்தில் அந்தக் கடனை அடைக்கவே ஆண்டுகள் ஆகும். காப்பீட்டுக் கடிதம் விசாவுக்குப் போதுமானதாக இருப்பதால் இந்த இடைவெளி யாருடைய கண்ணிலும் படுவதில்லை. பாலிசி விவரத்தாளின் முதல் பக்கத்தில் 'மகப்பேறு: உண்டு' என்றிருக்கும், காத்திருப்புக் காலம் பின்பக்கங்களில் சிறிய எழுத்தில் இருக்கும்.

என் கருத்தில், மகன் முன்னால் சென்று வேலையில் சேரட்டும். மருமகள் தாய் வீட்டில் தலைப்பிரசவம் முடிந்து, குழந்தைக்குப் பாஸ்போர்ட் எடுத்து, சார்ந்தோர் விசா பெற்ற பிறகு செல்லட்டும். சில மாதப் பிரிவு இருவருக்கும் கடினமானதுதான், அதை நான் எளிதாகச் சொல்லவில்லை. பெரியவர்கள் மட்டும் பேசி முடிவெடுக்காமல் மருமகளின் விருப்பத்தையும் கேளுங்கள். அப்படியும் சேர்ந்தே போவது என்று முடிவானால், காத்திருப்புக் காலத்தைத் தள்ளுபடி செய்யும் பாலிசி உண்டா என்று காப்பீட்டு நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். தொலைபேசியில் சொன்னது பிறகு உதவாது.

மகன் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுவதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று ஒருவர் யோசனை கூறியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது தவறான யோசனை. ஏற்கெனவே இருக்கும் நோய்க்கும் 12 மாதக் காத்திருப்பு உண்டு. பாலிசி தொடங்குவதற்கு முந்தைய ஆறு மாதங்களில் அறிகுறிகள் இருந்தனவா என்பதைக் காப்பீட்டு நிறுவனம் நியமிக்கும் மருத்துவரே தீர்மானிப்பார். மறைப்பதால் கிடைப்பது ஒன்றுமில்லை. விசாவுக்கான மருத்துவப் பரிசோதனையில் உண்மையை மறைத்தால் விசாவே சிக்கலாகிவிடும். மூன்று மாதங்களுக்கான மாத்திரைகளை மருத்துவரின் கடிதத்தோடும் மருந்துச் சீட்டோடும் எடுத்துச் செல்லலாம். மெடிகேர் இல்லாதவருக்கு அங்கே அரசின் மருந்து மானியமும் இல்லை என்பதால், வெளிநோயாளியாக மருத்துவரைப் பார்ப்பதற்கும் மருந்துக்கும் பாலிசி எவ்வளவு தருகிறது என்பதைக் கட்டாயம் பாருங்கள். விலை குறைந்த பாலிசிகள் இந்த இடத்தில்தான் கையை விரிக்கும்.

ஒரு விஷயத்தில் நீங்கள் நிம்மதி கொள்ளலாம். எந்திரத்தில் கை அகப்படுவது போன்ற பணியிட விபத்துகளுக்கு அங்கே தனியாகத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் உண்டு. அதற்கான காப்பீடு முதலாளியின் கடமை, தற்காலிக விசாவில் இருப்பவருக்கும் அது பொருந்தும்.

மகனிடம் மறக்காமல் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. ஆஸ்திரேலிய வருமான வரியோடு 2 சதவீத மெடிகேர் வரியும் கணக்கிடப்படும். மெடிகேர் உரிமை இல்லாதவர் அதற்கான சான்றை 'சர்வீசஸ் ஆஸ்திரேலியா' அலுவலகத்தில் பெற்று, வருமான வரிக் கணக்கில் விலக்குக் கோரலாம். ஒவ்வொரு நிதியாண்டுக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இது தெரியாமல் ஆண்டுதோறும் பணத்தை விடுபவர்கள் இருக்கிறார்கள்.

இங்கே குடும்பத்துக்கு இருக்கும் மருத்துவ பாலிசியை, மகன்தான் போகிறானே என்று நிறுத்திவிடாதீர்கள். இது தற்காலிக விசா. திரும்பி வந்து புதிதாகப் பாலிசி எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று ஆண்டுகள் வரை காத்திருக்க நேரலாம். மகன் பெயரை நீக்காமலே புதுப்பியுங்கள். விமானச் சீட்டுக்குப் பணம் கட்டும் முன், வேலை ஒப்பந்தத்தின் நகலையும் ஏஜென்ட் காட்டிய பாலிசியின் எல்லாப் பக்கங்களையும் எனக்கு அனுப்பிவையுங்கள். படித்துவிட்டு, யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை எழுதித் தருகிறேன்.