சுங்கை சிப்புட்டிலிருந்து ஓர் அம்மா கேட்டது: பயாலஜி படித்த மகளுக்கு என்ன வேலை?

அக்கா, வணக்கம்.

மகள் உயிரியலில் பட்டம் வாங்கியும் வீட்டில்தான் இருக்கிறாள், சொந்தக்காரர்கள் "டாக்டருக்குப் படிக்க வைத்திருக்கலாமே" என்கிறார்கள், வீட்டுக்காரரின் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தை எடுத்து வெளிநாட்டில் மருத்துவம் படிக்க அனுப்பட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம் அக்கா. ஆயுள் முழுக்கத் தோட்டத்தில் உழைத்துச் சேர்த்த பணம் அது. 1971 மருத்துவச் சட்டத்தின் அங்கீகாரப் பட்டியலில் இல்லாத கல்லூரியில் படித்தால், தகுதித் தேர்வில் தேறாமல் இங்கே மலேசியாவில் ஹவுஸ்மேன் (பயிற்சி டாக்டர்) ஆக முடியாது. தேறினாலும் உடனே நிரந்தர வேலை என்று நினைக்காதீர்கள். 2016 இறுதியிலிருந்து அரசாங்கம் புதிய டாக்டர்களை ஒப்பந்தத்தில்தான் எடுத்து வருகிறது. 2021 ஜூலையில் அவர்கள் வெளிநடப்பு செய்ததும் அதனால்தான். இன்னொன்று, மகளுக்கு மருத்துவத்தில் விருப்பம் உண்டா என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அதை அவளிடமே கேளுங்கள்.

அடுத்து, ஆஸ்பத்திரி லேப். உயிரியல் படித்தவர்கள் எல்லாரும் முதலில் நினைப்பது இதைத்தான். ஆனால் லேப் டெக்னாலஜிஸ்ட் போன்ற வேலைகளுக்கு 2016ஆம் ஆண்டின் 774ஆம் சட்டப்படி, மலேசியத் துணைச் சுகாதாரத் தொழில் மன்றத்தில் பதிவு வேண்டும். பொதுவான உயிரியல் பட்டம் மட்டும் அதற்குப் போதும் என்று நம்பிவிடாதீர்கள். அதனால், யாராவது ஒரு டிப்ளோமாவையோ மாஸ்டர்ஸையோ விற்க வந்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதைப் படித்தால் எந்தப் பதிவு கிடைக்கும்?" பதில் எழுத்தில் வரட்டும். அதற்கு முன்னால் ஒரு வெள்ளிகூடக் கட்டாதீர்கள்.

சரி, பதிவு தேவையில்லாத வேலைகள் எங்கே? உங்கள் வாசலிலிருந்தே தொடங்குகிறேன். செம்பனை என்றதும் உங்கள் முகம் மாறும் என்று தெரியும். பிள்ளை தோட்டத்தை விட்டு வெளியேற வேண்டும் என்றுதானே படிக்க வைத்தோம் என்பீர்கள். நியாயம்தான். ஆனால் குலை வெட்டும் வேலையைச் சொல்லவில்லை நான். ஒரு காலத்தில் இங்கே செம்பனைப் பூக்களுக்கு ஆட்களே கையால் மகரந்தம் தூவினார்கள். 1981இல் கேமரூனிலிருந்து கொண்டுவந்த ஒரு சிறு வண்டை ஜொகூர் குளுவாங்கில் விட்டார்கள், அது பெருகி அந்த வேலையை எடுத்துக்கொண்டது. பூச்சியைப் படித்தவர்கள் செய்த காரியம் இது. இன்றைக்கும் அடிமரத்தை அழுக வைக்கும் கானோடெர்மா பூஞ்சை, இலையைத் தின்னும் உலாட் புங்குஸ் புழு, எலி பிடிக்கும் ஆந்தைகளுக்கு வைக்கும் கூண்டு, திசு வளர்ப்பு லேப், நாற்றுப் பண்ணை என்று உயிரியல் படித்தவருக்கு வேலை இருக்கிறது. பெரிய தோட்ட நிறுவனங்களின் ஆராய்ச்சிப் பிரிவுகளையும், பாங்கியில் உள்ள மலேசிய செம்பனை வாரியத்தையும் அவள் கவனித்து வரட்டும். செம்பனையின் மரபணுத் தொகுதியை 2013இல் வெளியிட்ட குழுவில் அந்த வாரியமும் முன்னணியில் இருந்தது. 2020 முதல் எம்எஸ்பிஓ (நீடித்த செம்பனை எண்ணெய் உற்பத்தி) சான்றிதழ் கட்டாயமாகிவிட்டதால், தோட்டங்களிலும் ஆலைகளிலும் சுற்றுச்சூழல், தணிக்கை வேலைகளும் உண்டு. தோட்டத்துப் பேச்சு தெரிந்த, லயத்து வாழ்க்கை தெரிந்த பெண் தணிக்கைக்குப் போனால், தொழிலாளிகள் அவளிடம் மனம் விட்டுப் பேசுவார்கள். எனக்கு இதில் பெரிய நம்பிக்கை இருக்கிறது.

தோட்டமே வேண்டாம் என்றால் தொழிற்சாலை லேப்கள் இருக்கின்றன. கையுறை ஆலைகள், உணவுத் தொழிற்சாலைகள், பினாங்கிலும் கூலிமிலும் உள்ள மருத்துவக் கருவி நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் கிருமிப் பரிசோதனை, தரக் கட்டுப்பாடு செய்ய ஆள் வேண்டும். தொடக்கச் சம்பளம் பெரிதாக இருக்காது, ஷிப்டும் இருக்கும். ஆனால் இரண்டு வருட அனுபவம் கையில் இருந்தால் அடுத்த இடத்தில் பேரம் பேசலாம். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியிலேயே மருத்துவ ஆராய்ச்சி மையம் இருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் மருந்துச் சோதனைகளை ஒருங்கிணைக்கும் வேலை, பொறுமையாகப் பதிவேடு பார்க்கத் தெரிந்த பிள்ளைக்குப் பொருந்தும்.

அரசாங்க வேலைக்கு எஸ்பிஏ (பொதுச் சேவை ஆணையம்) தளத்தில் பதிந்து வைக்கட்டும். எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) மலாய் மொழியில் கிரெடிட் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த ஒரு பாடத்தை மட்டும் மறுபடி எழுதலாம். ஆசிரியர் வேலைக்கு தனிக் கல்வியியல் தகுதி வேண்டும், ஆசை இருந்தால் மட்டும் போகட்டும். மாஸ்டர்ஸ் படிப்பதென்றால், ஆராய்ச்சி நிதியிலிருந்து உதவித்தொகை தரும் பேராசிரியர் கிடைத்தால் படிக்கட்டும்.

இந்த வாரம் அவள் செய்ய வேண்டியது ஒன்று. ரெஸ்யூமேயில் "உயிரியல் பட்டதாரி" என்று மட்டும் எழுதாமல், கையால் செய்த வேலைகளை எழுதட்டும்: பிசிஆர், கிருமி வளர்ப்பு, மைக்ராஸ்கோப், களத்தில் மாதிரி எடுத்தது, இறுதியாண்டு ஆய்வில் எந்தக் கணக்கீட்டு மென்பொருள் பயன்படுத்தினாள் என்பதுவரை. அப்புறம் அதை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், அவளே எழுதி அனுப்பட்டும். சேர்ந்து திருத்துவோம்.