பிப்ரவரி 1: மொரீஷியஸில் அடிமைமுறை ஒழிந்த நாள் - கேள்வி பதில்

பிப்ரவரி 1 மொரீஷியஸில் பொது விடுமுறை. 1835இல் அன்றுதான் அந்தத் தீவில் அடிமைமுறை சட்டப்படி முடிவுக்கு வந்தது. அதையொட்டி வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து, பதில் சொல்லியிருக்கிறேன்.

சார், பிரிட்டிஷ் காலனிகளில் அடிமைமுறை ஒழிந்தது 1834 ஆகஸ்ட் 1 என்றுதான் படித்தேன். மொரீஷியஸுக்கு மட்டும் ஏன் ஆறு மாதம் தள்ளி?

நீங்கள் படித்தது சரிதான், ஆனால் அது கரீபியன் தீவுகளுக்கான தேதி. 1833 ஆகஸ்ட் 28 அன்று அரசரின் ஒப்புதல் பெற்ற சட்டம் ஒன்றுதான், அமலுக்கு வந்த தேதிகள் மூன்று. கரீபியனுக்கு 1834 ஆகஸ்ட் 1, தென்னாப்பிரிக்காவின் கேப் காலனிக்கு டிசம்பர் 1, மொரீஷியஸுக்கு 1835 பிப்ரவரி 1. பாய்மரக் கப்பல் காலம், தொலைவு ஒரு காரணம்.

ஆனால் மொரீஷியஸ் தோட்ட முதலாளிகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பிரெஞ்சுக் காலனியாக இருந்த தீவு 1810இல் பிரிட்டன் கைக்கு வந்தாலும், நிலமும் ஆலையும் பிரெஞ்சுக்காரர்களிடமே இருந்தன. 1832இல் அடிமை எதிர்ப்பாளரான ஜான் ஜெரமி தலைமை அரசு வழக்கறிஞராக வந்து இறங்கியதும் கடையடைப்பு, ஆர்ப்பாட்டம் என்று தீவையே முடக்கி, அவரைத் திரும்பக் கப்பலேற்றினார்கள். அதற்கும் முன்னால், 1794இல் பாரிஸின் புரட்சி அரசு அடிமைமுறையை ஒழித்தபோது, அந்த உத்தரவோடு 1796இல் வந்த இரண்டு பிரதிநிதிகளையும் இதே தீவுக்காரர்கள் விரட்டிவிட்டார்கள். பிறகு 1802இல் நெப்போலியன் அடிமைமுறையைத் திரும்பக் கொண்டுவந்தார். ஒழிப்பு உத்தரவு ஒருமுறை வாசல் வரை வந்து திரும்பிய ஊர் இது.

அப்படியென்றால் 1835 பிப்ரவரி 1 காலையில் எல்லோரும் சுதந்திரமாக வீட்டுக்குப் போனார்களா?

இல்லை. வீடே இல்லை என்பது ஒருபுறம். சுமார் 66,000 பேர் அன்று 'அடிமை' என்ற நிலையிலிருந்து 'தொழில் பழகுநர்' என்ற நிலைக்கு மாற்றப்பட்டார்கள், அவ்வளவுதான். ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மட்டும் உடனடி விடுதலை. வயலில் வேலை செய்தவர்கள் ஆறு ஆண்டும், வீட்டு வேலைக்காரர்கள் நான்கு ஆண்டும் அதே முதலாளியிடம் இருக்க வேண்டும் என்றது சட்டம். வயல்காரர்களுக்கு வாரம் 45 மணி நேரம் வரை கூலியில்லாத வேலை. இருபது வருடம் கரும்பு வெட்டியவருக்கு எந்தத் தொழிலைப் பழக்கினார்கள் என்று கேட்காதீர்கள். முன்கூட்டியே வெளியேற வேண்டுமென்றால் மிச்சமுள்ள காலத்துக்கு விலை கொடுத்துத் தன்னைத்தானே மீட்டுக்கொள்ள வேண்டும்.

கரீபியனில் எதிர்ப்பு வலுத்ததால் 1838 ஆகஸ்ட் 1இல் இந்த ஏற்பாடு முடிந்தது. மொரீஷியஸில் 1839 மார்ச் 31 வரை இழுத்தார்கள். நிஜமான விடுதலை நாள் எது என்று என்னைக் கேட்டால் அதைத்தான் சொல்வேன். விடுமுறை என்னவோ பிப்ரவரி 1க்குத்தான்.

லண்டனில் இருக்கிறேன் அண்ணா. அடிமைகளுக்குக் கொடுத்த நஷ்டஈட்டுக் கடனை நாங்களும் வரியாகக் கட்டியிருக்கிறோம் என்று நண்பர் சொன்னார். உண்மையா?

பாதி உண்மை. கட்டியது உண்மை. அடிமைகளுக்குக் கொடுத்தது என்பதுதான் தவறு.

நஷ்டஈடு முழுக்க உடைமையாளர்களுக்கு. எட்டு லட்சம் பேரை விடுவிப்பதற்காக அவர்களுடைய முதலாளிகளுக்கு 2 கோடி பவுண்டு ஒதுக்கினார்கள், அன்றைய பிரிட்டிஷ் அரசின் ஓராண்டுச் செலவில் ஏறக்குறைய 40 சதவீதம். மொரீஷியஸ் முதலாளிகளுக்கு மட்டும் சுமார் 21 லட்சம் பவுண்டு போனது. ஒவ்வொரு ஆளுக்கும் வயது, வேலை, உடல்நிலை பார்த்து விலை போட்டார்கள். விடுதலையானவர் கைக்கு ஒரு பென்னிகூட வரவில்லை.

இதற்காக 1835இல் 1.5 கோடி பவுண்டு கடன் வாங்கினார்கள். அந்தக் கடன் பிறகு வேறு அரசுக் கடன் பத்திரங்களோடு கலந்து, 2015இல்தான் முழுதும் அடைந்தது. தேதி என்ன தெரியுமா? பிப்ரவரி 1. மொரீஷியஸை நினைத்துச் செய்ததில்லை, தற்செயல்தான். நீங்கள் அதற்கு முன்பே அங்கே வரி கட்டியவர் என்றால், உங்கள் பங்கும் அதில் இருக்கிறது.

லு மோர்ன் மலையிலிருந்து அடிமைகள் குதித்த கதை நிஜமா, கட்டுக்கதையா?

அதிகம் பேர் கேட்டது இதைத்தான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தீவின் தென்மேற்கு மூலையில் கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிற ஒற்றைப் பாறை மலை லு மோர்ன் பிராபான், 556 மீட்டர். பக்கங்கள் செங்குத்து. தோட்டங்களிலிருந்து தப்பியோடியவர்கள் அதன் குகைகளிலும் உச்சியிலும் மறைந்து வாழ்ந்தார்கள். கதை இப்படிப் போகிறது: 1835 பிப்ரவரி 1 அன்று அடிமைமுறை ஒழிந்தது என்று சொல்வதற்காகச் சிப்பாய்கள் மலையேறினார்கள், பிடிக்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்து, மேலே இருந்தவர்கள் குதித்துச் செத்தார்கள்.

தப்பியோடியவர்கள் அங்கே வாழ்ந்தது வரலாறு. அந்த நாளில் அந்தக் குதிப்பு நடந்தது என்பது வாய்வழி வரலாறு. 2008இல் லு மோர்ன் உலகப் பாரம்பரியச் சின்னமானபோது, யுனெஸ்கோவும் இந்த வாய்மொழி மரபைச் சேர்த்துத்தான் அந்த இடத்தின் பெருமையைச் சொன்னது.

குதிக்கும் அளவுக்கு என்ன பயம் என்று ஒருவர் கேட்டிருந்தார். 1723இல் இந்தத் தீவுகளுக்குப் பிரெஞ்சு அரசு போட்ட சட்டத்தைப் பாருங்கள். ஒரு மாதம் ஓடிப்போயிருந்து பிடிபட்டால், முதல் முறை இரண்டு காதையும் அறுத்து ஒரு தோளில் லில்லிப் பூ முத்திரையைச் சூடு போடுவார்கள். இரண்டாம் முறை முழங்கால் பின்நரம்பை வெட்டி மறு தோளில் சூடு. மூன்றாம் முறை மரண தண்டனை. பிரிட்டிஷ் ஆட்சி வந்த பிறகு இது இப்படியே நீடிக்கவில்லை. ஆனாலும் காது அறுபட்டவர்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை, மலையேறி வரும் சிப்பாய் நல்ல செய்தி கொண்டுவருகிறான் என்று எப்படி நம்பும்? அந்த நாளின் நிகழ்ச்சியை என்னால் நிரூபிக்க முடியாது. அந்தக் கதையைச் சொன்னவர்கள் எதை நினைத்துச் சொன்னார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அன்று அங்கே என்ன நடக்கும்? போனால் பார்க்கலாமா?

தாராளமாக. மலையடிவாரத்தில் 'அடிமைப் பாதை' நினைவுச்சின்னம் இருக்கிறது. பிரதமர், அமைச்சர்கள் வந்து மலர்வளையம் வைப்பார்கள், உரைகள் இருக்கும். அதைவிட, அப்புறம் நடக்கும் சேகாவுக்காகக் காத்திருங்கள். அடிமைகள் உருவாக்கிய பாட்டும் ஆட்டமும் அது. அதன் மரபு வடிவத்தை 2014இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது.

மூன்று வாத்தியங்கள்தான். ரவான் என்பது ஆட்டுத்தோல் கட்டிய அகலமான கைப்பறை. மரவான் என்பது கரும்புப் பூத்தண்டுகளால் செய்த தட்டையான பெட்டி, உள்ளே விதைகள். இரண்டு கையிலும் பிடித்துக் குலுக்குவார்கள். மூன்றாவது, இரும்பு முக்கோணம். வாசிப்பதற்கு முன் ரவானைத் தீயில் காட்டித் தோலை முறுக்கேற்றுவார்கள். நம்மூரில் பறை காய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். ஆடுபவர்கள் கால் பாதத்தைத் தரையைவிட்டு அதிகம் எடுக்காமல் இழைத்து இழைத்து ஆடுவார்கள்.

போர்ட் லூயியில் பழைய ராணுவ மருத்துவமனைக் கட்டடத்தில் அடிமைமுறை அருங்காட்சியகம் இருக்கிறது, அதையும் பாருங்கள். கொஞ்ச தூரத்தில் கம்பெனித் தோட்டத்தில் ஆத்ரியன் தெப்பினே சிலை நிற்கும். முதலாளிகளின் சார்பில் லண்டன்வரை போய் வாதாடியவர். பத்திரிகைச் சுதந்திரம் வாங்கித் தந்தவர் என்றும் பெயர். சிலையை எடுக்க வேண்டும் என்ற குரல் அவ்வப்போது கிளம்பும்.

புதுச்சேரிக்காரன் நான். நம்ம ஆட்களும் அடிமைகளாகப் போனார்களா, கூலிகளாக மட்டும்தானா?

இரண்டுமாகத்தான். பெரும்பகுதி அடிமைகள் மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக் கரையிலிருந்தும் கொண்டுவரப்பட்டவர்கள். ஆனால் பிரெஞ்சுக் காலத்தில் இந்தியாவிலிருந்தும் அடிமைகள் போனார்கள், உங்கள் ஊர்த் துறைமுகம் வழியாகவும். ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் 1743இல் நடந்த ஒரு விவகாரத்தை எழுதியிருக்கிறார்: சின்னச் சின்ன வேலை தருவதாக ஆசைகாட்டி ஆட்களைக் கூட்டிப்போய், ஒளித்து வைத்து, மஸ்கரேன் தீவுகளுக்கு (மொரீஷியஸ், ரீயூனியன் பக்கம்) போகும் கப்பலில் ஏற்றிய கும்பலைப் பற்றி. வீட்டில் ஆளைக் காணோம் என்று தேடியவர்கள் இருந்திருப்பார்கள்.

டச்சுக்காரர்கள் இன்னும் முன்பு. 1659-61இல் தஞ்சைப் பகுதியில் பஞ்சம் வந்தபோது நாகப்பட்டினத்திலிருந்து ஆயிரக்கணக்கானோரை விலைக்கு வாங்கி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) அனுப்பினார்கள். 'அடிமை என்றால் ஆப்பிரிக்கர், கூலி என்றால் நாம்' என்ற கோடு அவ்வளவு நேராக இல்லை.

ஒப்பந்தக் கூலியும் ஒருவகை அடிமைதானே? வேறுபாடு என்ன?

முதலில் தேதிகளைப் பாருங்கள். 'அட்லஸ்' கப்பல் கல்கத்தாவிலிருந்து 36 கூலிகளோடு போர்ட் லூயியில் வந்து நின்றது 1834 நவம்பர் 2. அடிமைமுறை ஒழிய இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. ஆள் போகப்போகிறான் என்று தெரிந்ததும் மாற்று ஆளை முன்கூட்டியே வரவழைத்துவிட்டார்கள். நவம்பர் 2உம் இன்று அங்கே விடுமுறை. கூலிகள் இறங்கிய ஆப்ரவாசி காட் 2006இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது.

சட்டத்தில் வேறுபாடு பெரிது. கூலியை விற்க முடியாது, அவன் பிள்ளை முதலாளியின் சொத்தல்ல, ஒப்பந்தத்துக்கு ஒரு முடிவுக் காலம் உண்டு, கூலியும் உண்டு. நடைமுறையில்? ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலி வெட்டு. 1867 சட்டத்துக்குப் பிறகு, ஒப்பந்தம் முடிந்தவரும் படம் ஒட்டிய அனுமதிச் சீட்டு இல்லாமல் தெருவில் நடந்தால் பிடித்துப் போடலாம். கொடுமை என்று சொல்லுங்கள், சுரண்டல் என்று சொல்லுங்கள், நானும் சொல்வேன். இரண்டும் ஒன்று என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தத் தீவிலேயே அடிமைகளின் வழிவந்த குடும்பங்கள் இருக்கின்றன, அவர்கள் முன் நின்று பேசுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

விடுதலை கிடைத்ததும் அவர்கள் வேலை செய்ய மறுத்ததால்தான் இந்தியர்களை அழைத்தார்கள் என்று எங்கள் தாத்தா சொல்வார்.

தாத்தாவைக் குறை சொல்ல மாட்டேன், அது அன்றைய முதலாளிகள் பரப்பிய கதை. அவர்கள் மறுத்தது வேலையை அல்ல, தோட்டத்தை. 1839க்குப் பிறகு பலர் கடற்கரையோரம் போய் மீன் பிடித்தார்கள், சின்ன நிலத்தில் காய்கறி போட்டார்கள், கைத்தொழில் செய்தார்கள். சாட்டை இருந்த இடத்துக்கு யார்தான் திரும்பப் போவார்? இந்தியர்களின் குறைந்த கூலி வந்தபின் பேரம் பேசும் பலமும் போனது.

2011இல் அறிக்கை தந்த உண்மை மற்றும் நீதி ஆணையம் அடிமைமுறையையும் ஒப்பந்தக் கூலியையும் சேர்த்தே விசாரித்தது. அடிமைகளின் வழித்தோன்றல்களான கிரியோல் மக்கள் நிலத்திலும் அரசு வேலையிலும் பின்தங்கியிருப்பது அங்கே இன்றும் சூடான அரசியல். 2026இல் தைப்பூசமும் பிப்ரவரி 1 விடுமுறையும் ஒரே நாளில் வந்தன. ஒருபக்கம் காவடி, ஒருபக்கம் ரவான்.

ரீயூனியனிலும் இதே நாளா?

இல்லை. அது பிரெஞ்சுத் தீவு, அங்கே 1848 டிசம்பர் 20. சுமார் 62,000 பேர் விடுதலையானார்கள். ஆணையர் சர்தா கரிகா அக்டோபரில் வந்து இறங்கியவுடன் செய்த முதல் காரியங்களில் ஒன்று, விடுதலையாகப் போகிறவர்கள் எல்லோரும் அதற்குள் ஒரு முதலாளியிடம் வேலை ஒப்பந்தம் போட்டிருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 'காஃப் திருவிழா' என்று இன்று மலோயா இசையோடு தெருவெல்லாம் கொண்டாடுகிறார்கள். அங்கேயும் முதலாளிகளுக்குத்தான் நஷ்டஈடு.

அமெரிக்காவின் ஜூன்டீன்த்?

1865 ஜூன் 19, டெக்சாஸின் கால்வஸ்டன் நகரில் விடுதலை உத்தரவு வாசிக்கப்பட்ட நாள். 2021 முதல் தேசிய விடுமுறை. நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், இங்கே விடுகிறேன்.

கடைசியாக: தமிழ்நாட்டில் அடிமைமுறை எப்போது ஒழிந்தது? நமக்கு ஏன் ஒரு நாள் இல்லை?

1833 சட்டத்திலேயே ஒரு விலக்கு இருந்தது: கிழக்கிந்தியக் கம்பெனியின் பகுதிகளுக்கும் இலங்கைக்கும் அது பொருந்தாது. தஞ்சைப் பண்ணையாளை அந்தச் சட்டம் தொடவில்லை. 1843இன் ஐந்தாம் சட்டம்தான் இங்கே வந்தது. அதுவும் 'அடிமைகள் விடுதலை' என்று அறிவிக்கவில்லை. ஒருவர்மேல் உடைமை உரிமை கோரினால் நீதிமன்றம் ஏற்காது என்று மட்டும் சொன்னது. இலங்கையில் 1844, திருவிதாங்கூரில் 1855. அடிமையாக வாங்குவதும் விற்பதும் குற்றம் என்றானது இந்தியத் தண்டனைச் சட்டம் 1862இல் அமலான பிறகு. இப்படிச் சத்தமில்லாமல் வந்த சட்டத்துக்கு யார் விழா எடுப்பார்கள்? பண்ணையாட்களுக்குச் செய்தி போய்ச் சேர்ந்ததா என்பதே கேள்வி.

நமக்கு நாள் இல்லாமல் இல்லை. பிப்ரவரி 9, கொத்தடிமை முறை ஒழிப்பு நாள். 1976 சட்டம் ஒப்புதல் பெற்ற தேதி. செங்கல் சூளை, அரிசி ஆலை, மரம் வெட்டும் இடங்களிலிருந்து மீட்கப்படுகிறவர்களுக்குக் கோட்டாட்சியர் விடுவிப்புச் சான்றிதழ் தருவார். முன்பணம் என்று முதலாளி சொல்கிற கடன் அந்தச் சட்டப்படி அடியோடு ரத்து. அவருக்கு நஷ்டஈடு கிடையாது. மூன்று ஆண்டு வரை சிறை உண்டு.