தற்காப்பிலிருந்து எதிர்த்தாக்குதல்

கேள்வி: மணல் திடலில் ஆடும் எங்கள் கால்பந்து அணியால் வலுவான அணிகளிடம் பந்தைத் தக்கவைக்க முடியவில்லை. 4-4-2 வியூகத்தில் (நான்கு தடுப்பாட்டக்காரர், நான்கு நடுக்கள வீரர், இரண்டு முன்கள வீரர்) தற்காத்துக்கொண்டே கோல் அடிக்க இயலுமா?
- வாசகர், தங்கச்சிமடம்

பதில்: நிச்சயம் இயலும். நான்கு தடுப்பாட்டக்காரர்களும் நான்கு நடுக்கள வீரர்களும் தங்கள் பாதியில் இரண்டு நெருக்கமான வரிசைகளாக நின்று, நடுவே பெரிய இடைவெளி விடாமல், எதிரணியை ஓரங்களுக்குத் தள்ள வேண்டும். பந்து வலப்பக்கம் போனால் எட்டுப் பேரும் சேர்ந்தே வலப்பக்கம் நகர வேண்டும். ஒருவர் ஆசைப்பட்டுப் பந்தைத் துரத்தினாலும் வரிசை உடைந்துவிடும்.

பந்தைப் பறித்த கணம்தான் இந்த ஆட்டத்தின் உயிர். எதிரணியின் பின்வரிசை அப்போது நடுக்கோடு வரை ஏறி வந்திருக்கும் என்பதால், முதல் பாஸே முன்னோக்கிப் போக வேண்டும். பாஸ் புறப்படும் நொடியில் முன்கள வீரர் தம் பாதிக்குள் நின்றால் ஆஃப்சைடு (எதிரணிப் பின்வரிசையைத் தாண்டி நின்று பந்தைப் பெறும் தவறு) கிடையாது. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ராணியேரி பயிற்றுவித்த லெஸ்டர் சிட்டி அணி 2015-16இல் இங்கிலாந்தின் முதல்நிலைத் தொடரான பிரீமியர் லீக்கை வென்றபோது, நடுக்கள வீரர் கான்டே பறித்த பந்து ஓர ஆட்டக்காரர் மாரெஸ் வழியாக முன்கள வீரர் வார்டியின் ஓட்டத்துக்குப் போய்ச் சேர்ந்த வேகம் அருமையான பாடம்.

உங்கள் பகுதியில் ஆடிக் காற்றை எதிர்த்து ஆடும்போது மட்டும் நீண்ட பந்தை விட்டுவிட்டு, முன்கள வீரர் ஒருவரின் காலுக்கே பாஸ் கொடுத்து, மற்றவரை ஓடவிடுங்கள்.