ஒரே கொடியை நம்பிய பூ

கேள்வி: பினாங்கு பாயான் லெப்பாஸில் 12 பேரை வைத்து மென்பொருள் கம்பெனி நடத்துகிறேன். ஒரு தொழிற்சாலையின் சிப் பரிசோதனைக் கேமராக்களுக்கு மென்பொருள் எழுதித் தருகிறோம். வருமானத்தில் பத்துக்கு எட்டு ரிங்கிட் அங்கிருந்துதான் வருகிறது. போன மாதம் ஒரு கருத்தரங்கில், "பரிணாமம் அடையாவிட்டால் அழிவுதான்" என்றார்கள். எல்லாரையும் ஏஐ பக்கம் திருப்பிவிடலாமா?

பதில்: வேண்டாம். பாலைவனச் செடிகூட முதல் மழைக்கே எல்லா விதையையும் முளைக்க விடாது. அடுத்த மழை பொய்த்தால் வம்சமே போய்விடும்.

பள்ளியில் மான்செஸ்டர் அந்துப்பூச்சியைப் படித்திருப்பீர்கள். ஆலைப் புகையில் மரங்கள் கறுத்தன, வெளிர் பூச்சிகள் பறவைக்கு இரையாகின, கறுப்புப் பூச்சிகள் தப்பின. அங்கே 1848இல் கறுப்புப் பூச்சி பதிவானது. 1895க்குள் நூற்றுக்கு 98 கறுப்பு. ஆனால் புகையைப் பார்த்து எந்தப் பூச்சியும் கறுக்கவில்லை. அந்த மரபணு மாற்றம் 1819 வாக்கிலேயே நேர்ந்திருக்கும் என்று 2016இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஒன்றுக்கும் உதவாததுபோல் அது எங்கோ பறந்துகொண்டிருந்திருக்கிறது. நிலைமை மாறினால் கைகொடுக்கும் அப்படி ஒரு கறுப்புப் பூச்சி, அதாவது சிறியதாக ஒரு மாற்று வேலை, உங்களிடம் இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

ஏனென்றால் உங்கள் ஆபத்து ஏஐயைவிட அந்த எட்டு ரிங்கிட்டில்தான் இருக்கிறது. பேராக் காட்டில் பூக்கும் ரஃப்லேசியாவுக்கு இலை, தண்டு, வேர் எதுவும் கிடையாது. டெட்ராஸ்டிக்மா என்ற கொடிக்குள் நூல் நூலாகப் புகுந்து அதன் சத்தில் வாழ்கிறது. மொட்டு வளர மாதக்கணக்கு. விரிந்த பூவுக்கோ ஒரு வார ஆயுள். பார்க்கக் கூட்டம் கூடும், உண்மைதான். கொடியை யாராவது வெட்டினால் பூவும் இல்லை.

இன்னொரு கொடியைத் தேட, கையில் இருப்பதிலிருந்தே தொடங்குங்கள். இறகு முதலில் உடல் சூட்டைக் காக்கத்தான் வந்தது, பறப்பதெல்லாம் பிறகு என்கிறார்கள். ஃபிலிம் விற்பனை சரிந்தபோது ஃபியூஜிஃபிலிம் செய்ததும் இதுதான்: ஃபிலிமுக்காகச் சேர்த்த கொலாஜன் அறிவை வைத்து 2007இல் அஸ்டாலிஃப்ட் என்ற பெயரில் சருமப் பராமரிப்புப் பொருள்களைக் கொண்டுவந்தது. சிப்பில் விரிசல் தேடும் உங்கள் மென்பொருள், மருந்து அட்டையில் மாத்திரை விடுபட்டிருப்பதைக் கண்டுபிடிக்காதா?

பத்துப் பேர் பழைய வேலையில் இருக்கட்டும். இரண்டு பேரை மட்டும் இதற்கு விடுங்கள், மூன்று மாதம். ஏஐயும் அவர்கள் கையில் ஒரு கருவியாக இருக்கட்டும். அதற்குள் வெளியாள் ஒருவர், தெரிந்தவர் அல்ல, 500 ரிங்கிட்டாவது கொடுத்து வாங்க வேண்டும். இல்லையென்றால் மூடிவிட்டு அடுத்ததைப் பாருங்கள். நம்மவர்கள் தடுமாறுவது இந்த மூடும் இடத்தில்தான். மாமா மகன் எழுதிய புரோகிராம் என்றால் ஐந்து வருஷம் ஓட்டுவோம். இயற்கைக்கு அந்தத் தாட்சண்யம் இல்லை.

இன்றைக்கே ஒரு வேலை: தொழிற்சாலையோடு உங்கள் ஒப்பந்தம் முடியும் தேதியை எடுத்துப் பாருங்கள். ஒரு வருஷத்துக்கும் குறைவாக இருந்தால், இரண்டு பேரை மூன்றாக்குங்கள்.