குமரி மாவட்டத்துல வீட்டோட சேத்து கண்ணாடி ரூம் போடலாமா, எப்படி தேர்ந்தெடுக்கணும்?

கேள்வி கேட்ட அண்ணன், லண்டன்ல மகன் வீட்டுல பாத்த கன்சர்வேட்டரி மாதிரி தக்கலை பக்கம் அவிய வீட்டு மேற்குச் சைடுல, மேல கூரையும் கண்ணாடியாவே போட்டு கட்டலாமான்னு கேட்டிருக்காவ. நான் இந்த அலுமினியம் கண்ணாடி வேலைதான் பாக்கேன், அதனால நேராவே சொல்லிருதேன். தாராளமா கட்டலாம், நல்லாவும் இருக்கும், ஆனா மேல கண்ணாடி வேண்டாம், மேற்குப் பக்கமும் வேண்டாம்.

அந்த ஊருல வெயிலைப் பிடிச்சு வைக்கதுக்குன்னே கட்டுற ரூம் அது. வெயில் கண்ணாடி வழியா சுலபமா உள்ள வந்துரும், ஆனா தரையும் சோபாவும் சூடாகி விடுத அனல் அதே கண்ணாடி வழியா வெளிய போகாது. குளிருக்கு அது சுகம், நமக்கு மார்ச் ஏப்ரல் மதியத்துல உள்ள உக்கார முடியாது. ஏசி போட்டா போச்சுன்னு சொல்லுவாவ, தலைக்கு மேல கண்ணாடி இருக்குத வரைக்கும் ஏசி நிக்காம ஓடும், பில்லு கட்டி மாளாது.

திசை ரொம்ப முக்கியம். வடக்குப் பக்கம் வெயிலே வராதுன்னு டெல்லிக்காரங்க வீடியோல சொல்லுதத நம்ம ஊருக்கு எடுத்துக்கிடாதீங்க, நாம இருக்கது 8 டிகிரி அட்சரேகைல, ஏப்ரல் பாதில இருந்து ஆகஸ்ட் கடைசி வரைக்கும் உச்சி வெயில் நமக்கு வடக்க சாஞ்சுதான் நிக்கும். ஆனா சூரியன் உயரத்துல இருக்கதால 2 அடி சன்ஷேடு போட்டாலே மதிய வெயிலு நின்னுரும். மேற்குல அது நடக்காது, மூணு மணிக்கு மேல வெயிலு படுத்து அடிக்கும், ஜூன் மாச சாரலும் அந்தப் பக்கம் இருந்துதான் வரும். என்னைக் கேட்டா கிழக்கு, இல்லன்னா சன்ஷேடு வச்ச வடக்கு.

கூரைக்கு ஓடு போடுங்க, நடுவுல அங்கங்க கண்ணாடி ஓடு வைங்க, வெளிச்சத்துக்கு அது தாராளம். பக்கத்துலதான பத்மநாபபுரம் அரண்மனை, போயி அந்த மரச்சட்ட அழியைப் பாருங்க, வெயிலை வெளிய நிறுத்திட்டு காத்தை மட்டும் உள்ள விடுது, நமக்கு வேண்டியது அதான். சூடான காத்து மேலதான் போகும், அதனால கூரைக்கு ஒட்டி ஒரு வரிசை லூவர் (சாஞ்ச பட்டை வரிசையா வச்ச காத்துத் திறப்பு), கீழ திறக்குத ஜன்னல், ரெண்டும் கண்டிப்பா வேணும். ஸ்லைடிங் ஜன்னல் பாதிதான் திறக்கும், கதவு மாதிரி முழுசா திறக்குதது போடுங்க.

இல்ல, கொஞ்சமாவது மேல கண்ணாடி வேணும்னு வீட்டுல ஆசைப்பட்டா, நடுவுல ஃபிலிம் வச்சு ரெண்டு கண்ணாடிய ஒட்டுன லேமினேட்டட் மட்டும்தான். டஃபன்ட் கண்ணாடி, அதாவது சூடாக்கி உறுதியாக்கின கண்ணாடி, உடைஞ்சா பொடிப்பொடியா தலையில கொட்டும், லேமினேட்டட்ல நடுவுல உள்ள ஃபிலிம் பிடிச்சுக்கிடும். 2017 நவம்பர் ஒக்கி புயல்ல நம்ம மாவட்டத்துல எவ்வளவு மரம் சாஞ்சுதுன்னு மறக்கவா முடியும், ரூமுக்கு மேல தென்னை நிக்குதான்னு முதல்ல அண்ணாந்து பாருங்க.

டபுள் கிளேசிங்னு, நடுவுல இடைவெளி விட்டு ரெண்டு கண்ணாடி வச்சது ஒண்ணு தள்ளிவிடப் பாப்பாவ, ஜன்னலைத் திறந்துபோட்டு உக்காருத ரூமுக்கு அது தண்டச்செலவு. அந்தக் காசை வெயிலைத் திருப்பி விடுத சோலார் கண்ட்ரோல் கண்ணாடிக்குப் போடுங்க.

குளச்சல், முட்டம்னு கடலுக்குக் கிட்ட உள்ளவிய ஸ்க்ரூவைப் பாத்துக்கிடணும். அலுமினியத்துல சாதா இரும்பு ஸ்க்ரூ அடிச்சா உப்புக்காத்துல தலையைச் சுத்தி வெள்ளையா மாவு மாதிரி பூத்து, துளை பெருசாகி ஃப்ரேமே ஆட ஆரம்பிச்சுரும். 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் கேளுங்க, 304 பத்தாது. சிலிக்கானும் அப்படித்தான், பிதுக்கும்போது வினிகர் வாடை அடிச்சா அது அசிட்டிக் வகை, உலோகத்தை அரிக்கும், நியூட்ரல்னு எழுதினத வாங்கச் சொல்லுங்க.

ஒழுகுனா பெரும்பாலும் பழைய சுவரும் புதுக்கூரையும் சேருத இடத்துலதான் ஒழுகும். சும்மா சிலிக்கான் இழுத்து விட்டா ரெண்டு மழைக்குத் தாங்காது, சுவருல காடி எடுத்து தகட்டை உள்ள செருகி பூசணும், அதை கொத்தனார் நிக்கும்போதே செஞ்சிருங்க. வேலை தொடங்குததுக்கு முன்னால பக்கத்துல விட வேண்டிய இடம் போக மிச்சம் எவ்வளவுன்னு பிளான் அப்ரூவல்ல பாத்துக்கிடுங்க. கண்ணாடி ஆர்டரை பூச்சு எல்லாம் முடிஞ்ச பிறகு அளவெடுத்தே குடுங்க, டஃபன் பண்ணின பிறகு வெட்டவோ துளை போடவோ முடியாது, ஒரு சென்டிமீட்டர் மாறினாலும் புதுசுதான் வாங்கணும்.