பவளத் தொட்டியில் முரட்டு மீன்கள்: வேலூர்ப் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

வீட்டில் கடல் மீன் தொட்டி வைத்து 11 வருடம் ஆகிறது. இந்த வாரம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே புகார்தான்: "ஒரு மீன் இன்னொன்றை அடிக்கிறது." அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

காட்பாடி நண்பர்: அண்ணா, நாலடித் தொட்டி. தண்ணீர் பழகட்டும், அதாவது கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா வளரட்டும் என்று முதலில் டாமினோ டேம்சல் என்ற சின்னக் கடல் மீன் மூன்று விட்டேன். இப்போது மிச்சம் ஒன்றுதான். புதிதாக விட்ட நீமோ (கோமாளி மீன்) ஜோடியைப் பம்ப் மூலையை விட்டு நகர விடுவதில்லை. என்ன செய்யலாம்?

தம்பி, டேம்சல் விலை குறைவு, கழிவிலிருந்து வரும் அமோனியா நஞ்சையும் ஓரளவு தாங்கும். அதனால்தான் முதலில் அதை விடச் சொல்கிறார்கள். ஆனால் முதலில் குடியேறியவனுக்குத் தொட்டி முழுவதும் சொந்த வீடு. பிறகு வருகிறவர்கள் எல்லாரும் அவன் கண்ணுக்கு அத்துமீறி நுழைந்தவர்கள். கடலில் துரத்தப்பட்ட மீன் பத்தடி தள்ளிப் போய்ப் பிழைத்துக்கொள்ளும். நாலடிக் கண்ணாடிக்குள் எங்கே போகும்?

டாமினோவுக்குச் சின்ன வயதில் நெற்றியில் ஒன்றும் இரு பக்கமும் ஒவ்வொன்றுமாக வெள்ளைப் பொட்டு இருக்கும். வளர வளரப் பொட்டு மங்கும், முரட்டுத்தனம் ஏறும். ஐந்து அங்குலத்தைத் தாண்டி வளரக்கூடிய மீன் அது.

உங்கள் நீமோவை இன்றே பக்கத்தில் போய்ப் பாருங்கள். வால் ஓரம் பிசிறு பிசிறாக இருக்கிறதா? செதில் உரிந்த இடம் வெளுத்திருக்கிறதா? செவுள் வேகவேகமாக அடித்துக்கொள்கிறதா? இருந்தால் நாளைக்கு என்று தள்ளாதீர்கள். "பழகிவிடும்" என்று இரண்டு நாள் பொறுத்து, நல்ல ஜோடியில் ஒன்றை நான் பறிகொடுத்திருக்கிறேன்.

கல்லுக்குள் ஒளியும் மீனை வலையால் பிடிக்க முடியாது. தண்ணீர் பாட்டிலின் மேல்பாகத்தை அறுத்து, கழுத்து உள்ளே போகும்படி தலைகீழாகச் செருகுங்கள். உள்ளே ஒரு இறால் துண்டு. காலையில் பட்டினி போட்டு வைத்தால் டேம்சல்தான் முதலில் நுழையும். டாமினோவைக் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது. வேறு வகை டேம்சலாக இருந்தால், துளை போட்ட பெட்டியில் ஒரு வாரம் தொட்டிக்குள்ளேயே வைத்து, அதற்குள் கற்களை இடம் மாற்றி அடுக்கி, இரவு விளக்கை அணைத்த பின் திறந்துவிடுங்கள். பழைய எல்லை கலைந்திருப்பதால் கொஞ்சம் அடங்கும்.

அடுத்த தொட்டியை மீன் இல்லாமலே பழக்குங்கள். ஒரு இறால் துண்டை அழுகவிட்டால் போதும், நான்கு முதல் ஆறு வாரத்தில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வரும். அப்புறம் சாதுவான மீன் முதலில், முரடன் கடைசியில்.

குடியாத்தம் வாசகர்: சார், ட்ரிகர் பவளத்தைத் தின்னுமா?

நம் மீன் மார்க்கெட்டில் கிளாத்தி என்று விற்கிறார்களே, அந்தக் குடும்பம்தான். அந்தப் பல்லைப் பார்த்திருப்பீர்கள். பிக்காசோ ட்ரிகர் நத்தை, இறால், நண்டு எதையும் விட்டு வைக்காது. புளூ த்ரோட் ட்ரிகர் நடுநீரில் மிதக்கும் சிற்றுயிர்களைத் தின்பது, பவளத் தொட்டிக்கு ஓரளவு ஒத்துப்போகும். நைஜர் ட்ரிகரும் அந்த ரகம்தான், ஆனால் கடலில் ஒன்றரை அடி வரை வளரும். நாலடித் தொட்டியில் அதைப் போடுவது பாவம்.

சத்துவாச்சாரி சகோதரி: கத்திரி வெயிலில் மீன்கள் அதிகம் சண்டை போடுகின்றனவே அண்ணா?

உங்கள் கண்ணுக்குப் பட்டது சரிதான் அம்மா. தண்ணீர் சூடானால் மீனுக்குப் பசி கூடும், தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். தொட்டி 25 முதல் 27 டிகிரியில் இருக்க வேண்டும். மே மாதத்தில் வேலூரில் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லாமல் அது கஷ்டம். வாங்க முடியாவிட்டால் தண்ணீர் மேல் மின்விசிறி வையுங்கள், நம் ஊர் வறண்ட காற்றுக்கு இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவியாகிப்போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு இல்லை. அதனால் ஆர்.ஓ. தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீரை அல்ல. போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். கரண்ட் போனால் பேட்டரி ஏர் பம்ப் உடனே ஓட வேண்டும். உணவை ஒரே தடவை கொட்டாமல் இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துப் போட்டால் சண்டையும் குறையும்.

ஆரணி நண்பர்: லயன் ஃபிஷ்?

பவளத்தைத் தொடாது. வாயில் நுழையும் மீனையும் இறாலையும் விடாது. முதுகு முள்ளில் விஷம் உண்டு, சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம் என்பது என் கருத்து. குத்திவிட்டால் பொறுக்கும் சூட்டில், 45 டிகிரியைத் தாண்டாத வெந்நீரில் கையை வைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

ராணிப்பேட்டை வாசகர்: ராமேஸ்வரம் போகும்போது மீன் ஒளிய நாலு பவளக்கல் எடுத்து வரலாமா?

கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கல் பவளங்கள் முதல் அட்டவணையில் இருக்கின்றன. செத்த துண்டானாலும் குற்றம்தான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. என் தொட்டியில் இருப்பது செயற்கைக் கல்தான். ஒளிய இடம் தேடும் மீனுக்கு இரண்டு வழியுள்ள குகை வேண்டும், ஒரே வழி என்றால் மாட்டிக்கொள்ளும். கல் எதுவானாலும் அதற்குப் பரவாயில்லை.

வாலாஜா தம்பி: நீமோ மூன்று வைக்கலாமா அண்ணா?

இரண்டே. எல்லா நீமோவும் முதலில் ஆண்தான், அதில் பெரியது பெண்ணாக மாறும், அடுத்தது அதன் ஜோடி. மூன்றாவதை இரண்டும் சேர்ந்து அடிக்கும். வாங்கும்போது ஒன்று பெரிது, ஒன்று சிறிது என்று பார்த்து எடுங்கள்.